கொலைகாரன் கிடைக்காத புத்தகம்

சென்ற மாதம் மூன்று இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை எழுதுகிறவர்களாம். நான் எழுதிய மர்ம நாவல்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். என் முன்னால் பரப்பினார்கள். அவற்றில் பாதியை எழுதியதே எனக்கு நினைவில்லை.

"இத்தனை கொலைக்கும் கொலைகாரனை எப்படி சார் பிடிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

எனக்கு ஆள் முன்னால் பேச வராது. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது கேள்வி அங்கேயே உட்கார்ந்திருந்தது. கூடவே இன்னொன்றும் சேர்ந்திருந்தது. "ஏன் சார் எழுதுறதை நிறுத்திட்டீங்க?" இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. அது சரியான பதிலா என்பதில்தான் எனக்குக் குழப்பம். எழுதிப் பார்த்தால் தெளியலாம் என்று எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பாரம் மடிக்கிற வேலையில் சேர்ந்தேன். பதினாறு பக்கங்களை ஒரே தாளில் அச்சடித்து மடித்தால் அது ஒரு பாரம். ஆறு பாரம் சேர்ந்தால் ஒரு மாத நாவல். மடிக்கிறபோது பக்கங்கள் வரிசையாகக் கண்ணில் படாது. முதல் பக்கத்தில் ஒருத்தி கதவைத் திறப்பாள், பக்கத்திலேயே பதினாறாம் பக்கத்தில் அவள் செத்துக் கிடப்பாள். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று மடித்துக்கொண்டே யோசிப்பேன். கதை சொல்ல நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

ஒரு மாதம், வழக்கமாக எழுதுகிற மதுரைக்காரர் கதை அனுப்பவில்லை. முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணாச்சி பைண்டிங் பக்கம் வந்து, "ஏலே, எவனாவது ஒரு கதை சொல்லுங்கலே, மிஷின் சும்மா நிக்குது" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு கதை சொன்னேன். அதையே எழுதச் சொன்னார். ஒரு பெயரும் வைத்தார். படித்த பட்டணத்து ஆள் பெயர் மாதிரி இருக்கும் அது. அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால் நானும் திரும்பிப் பார்ப்பேன், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

என் எழுத்துப் பிழைகளை எல்லாம் விஜயா பார்த்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் அச்சுக் கோக்கிற பெண். "அண்ணே, இந்தப் பக்கத்துல மட்டும் செத்தவுக எந்திரிச்சு டீ குடிக்காக. இருக்கட்டுமா, எடுத்துரவா?" என்று கேட்பாள். அவள் இல்லாவிட்டால் நான் இல்லை.

அண்ணாச்சியின் முறைகளைச் சொல்ல வேண்டும். வேறு எங்கும் அப்படி நடந்திருக்காது.

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் காலண்டர் சீசன். நாலு கலர் மிஷினெல்லாம் முருகனும் லட்சுமியும்தான். மாத நாவலுக்கு அட்டை அடிக்க இடமே கிடைக்காது. அதனால் சித்திரையிலேயே ஒரு வருடத்துக்கான அட்டைகளை மொத்தமாக அடித்து வைத்துவிடுவார். படம், தலைப்பு, 'கொலையாளி உங்கள் அருகில்!' என்ற வரி எல்லாம் அட்டையில் ஏறிவிடும். கதைதான் இருக்காது. ஒவ்வொரு மாதமும் அட்டையைப் பார்த்து நான் கதை எழுதவேண்டும். அட்டையில் யானை இருந்தால் கதையில் யானை வரவேண்டும்.

உள்பக்கமும் அப்படித்தான். காலண்டர் ஓடி முடிந்த இடைவெளியில் மிஷின் கிடைத்தால், எழுதிய வரைக்கும் அச்சேறிவிடும். நான் மூன்றாம் பாரம் எழுதிக்கொண்டிருக்கும்போது முதல் பாரம் மடித்தே ஆகியிருக்கும், பெரும்பாலும் என் கையாலேயே. அச்சேறியதை மாற்ற முடியாது. ஆகவே முதல் பாரத்தில் ஐந்து பேரைக் கொண்டுவருவேன். ஒவ்வொருவர் மேலும் ஒரு சந்தேகத்தை வைப்பேன். கடைசிப் பாரத்துக்கு வந்துதான் அவர்களில் ஒருவரைப் பிடிப்பேன். யார் என்று அதுவரை எனக்கே தெரியாது. 'கடைசிவரை யாரென்றே ஊகிக்க முடியவில்லை' என்று வாசகர் கடிதம் வரும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னும் சில கட்டளைகள் உண்டு. கொலைகாரன் வேலைக்காரனாக இருக்கக் கூடாது. "படிக்கிறவன் பூரா வேலைக்காரன்தாம்லே." பட்டாசு, தீப்பெட்டி கதைக்குள் வரக்கூடாது. அவருடைய சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அந்தத் தொழில். சிவகாசி, விருதுநகர், சாத்தூர் என்று எழுதக்கூடாது. எல்லாக் கொலையும் சென்னையிலோ ஊட்டியிலோதான் நடக்கும். நான் இரண்டையும் பார்த்ததில்லை. ஊட்டியில் மார்கழி மாதம் ஒருவர் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்கியதாக எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களை விஜயா ஒரு வாரம் சத்தமாகப் படித்தாள்.

அண்ணாச்சி நாவல் படிக்க மாட்டார். காலண்டர் படத்தில் கலர் விலகியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். விஜயா கடைசிப் பக்கங்களை மட்டும் வாசித்துக் காட்டவேண்டும். வாசித்து முடித்ததும் அவர் தலை தூக்காமலே என்னைக் கேட்பார்.

"ஏன் கொன்னான்?"

"சொத்துக்கு, அண்ணாச்சி."

"சொத்து ஏன் அவசரமா வேணும்?"

"கடன் நெருக்குது."

"கடன் ஏன் வந்துச்சு?"

"தங்கச்சி கல்யாணம்."

"அப்பச் சரி. பிளேட் போடு."

மூன்றாவது 'ஏன்' எல்லோர் வீட்டிலும் இருக்கிற ஒன்றில் போய் முட்ட வேண்டும். முட்டினால் அச்சுக்குப் பிளேட் போட்டு, புத்தகம் வெளியே போகும். இப்படித்தான் பல வருடம் கொன்றேன், பிடித்தேன். எந்த ஊர் பஸ் நிலையத்திலும் என் புத்தகம் தொங்கும். அதன் கீழேயே நின்று நான் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடம் கழித்து, ஒரு தீபாவளி சீசனில்தான் பேச்சியம்மாள் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து வேனில் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். மத்தியானம் வாசலில் நின்று, "இங்கன கதை எழுதுறவுக யாரு?" என்று கேட்டார்.

நான் மடிப்பதை நிறுத்தாமல், "வெளிய போயிருக்காக" என்றேன்.

"அண்ணே, பொய் சொல்லாதீக" என்றாள் விஜயா. "அக்கா, இவுகதான்."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவுகளா? நான் பேண்ட்டு போட்டு, கண்ணாடி போட்டு இருப்பாகன்னுல்ல நெனச்சேன்."

"கண்ணாடி வச்சிருக்காக. பேண்ட்டுதான் இல்ல" என்றாள் விஜயா.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். அவர் சொன்னது இதுதான். போன வருடம் ஓர் ஆலையில் பட்டாசு மருந்து கலக்குகிற அறை வெடித்தது. உள்ளே வேலை பார்த்த நாலு பேரும் இறந்தார்கள். மருந்து கலக்கியவர் இவருடைய கணவர். கவனக்குறைவாகக் கையாண்டதால் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். மற்ற மூன்று பேரின் வீடுகளும் இவர் தெருவில்தான் இருக்கின்றன. மூன்று பேரையும் கொன்றவன் பெண்டாட்டி என்று இவர் ஆகிவிட்டார். வேனில் இவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

"வேன்ல சரசு அக்கா உங்க கதையச் சத்தமா வாசிப்பாக. ஆலை வர்ற வரைக்கும் எல்லாரும் கேப்போம். இப்ப நான் ஏறுனா சத்தத்தக் கொறச்சிருதாக. அந்த டாக்டரம்மாவக் கொன்னது யாருன்னு எனக்கு இன்னும் தெரியாது."

"அவுக தம்பி" என்றேன்.

"தம்பியா? நான் டிரைவர்னுல்ல நெனச்சிருந்தேன்." பிறகு சொன்னார். "அதே மாதிரி எங்க வீட்டுக்காரர் அறையில என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க."

"நான் கதை எழுதுறவன்மா. போலீசு இல்ல."

"போலீசு எழுதிட்டுப் போயிட்டாக. அத யாரு படிச்சா? நீங்க எழுதுனாத்தான் வேன்ல படிப்பாக."

முடியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். தலையை எப்படியோ ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த மாத அட்டையில் சிவப்புப் புடவை கட்டிய ஒரு பெண் துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டாசு எழுதக் கூடாது. ஆகவே ஊட்டியில் ஒரு ஓட்டல் வைத்தேன். சமையல்கட்டில் கேஸ் வெடித்து, சமையல்காரரும் இன்னும் மூன்று பேரும் இறந்துபோனார்கள். எல்லோரும் சமையல்காரரைக் குற்றம் சொன்னார்கள். சிவப்புப் புடவைக்காரியை ஓட்டல் முதலாளியம்மா ஆக்கினேன். துப்பாக்கியைத் துப்பாக்கி வடிவத்தில் இருக்கும் அடுப்பு லைட்டர் ஆக்கினேன். அவளோடு மானேஜர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், அறை எடுத்துத் தங்கியிருந்த வியாபாரி, சமையல்காரரின் மச்சான் என்று ஐந்து பேர் தயார். முதல் பாரம் அச்சேறியது.

அதற்கிடையில், வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாகவே விசாரிக்கப் போனேன்.

அந்த ஆலையின் போர்மேனை ஏழாயிரம்பண்ணை டீக்கடையில் பார்த்தேன். "ஆர்டர் நெருக்கடி, அவன் அவசரப்பட்டுட்டான். நல்ல பயதான், பாவம்" என்றார். வெடித்தபோது அவர் ஆபீசில் இருந்திருக்கிறார். தள்ளி இருந்த அறையில் திரி வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அந்த அண்ணன் எப்பவுமே பைய்யத்தான் வேலை பாப்பாக. அன்னைக்கு வாசல்ல நின்னு தண்ணி குடிச்சதப் பாத்தேன். அந்தால குனிஞ்சேன், சத்தம் கேட்டுச்சு" என்றார். அவர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனாரா, குடிக்கும்போதே வெடித்ததா என்று கேட்டேன். "குனிஞ்சுட்டேன்ல" என்றார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் அன்று வானம் மினுங்கியது என்றார். மழை பெய்ததா என்றால் இல்லை என்றார். புதிதாக வந்த சரக்கு சரியில்லை என்று ஒருவர் சொன்னார். சரக்கு பழசு என்று இன்னொருவர்.

சூலக்கரைக்கும் போனேன். கலெக்டர் ஆபீசில் ஒருவர், "நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஒரு உறவும் இல்லை என்று சொல்லவா, மர்ம நாவல் எழுதுகிறேன் என்று சொல்லவா? "தெரிஞ்சவர்" என்று முனகினேன். "அந்த பைல் முடிஞ்சு போச்சுங்க" என்றார். நான் தப்பித்தோம் என்று வெளியே வந்துவிட்டேன்.

என் கதையில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். அவரைப் பிடித்தால் வேலை முடிந்தது. இங்கே யாரும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. எல்லோரும் பார்த்ததைத்தான் சொன்னார்கள். பார்த்ததை எல்லாம் சேர்த்து வைத்தாலும் அந்த அறைக்குள் நடந்தது தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து எத்தனை விதமாக மடித்துப் பார்த்தாலும் பக்க எண் சேரவில்லை. உண்மையில் அவர்தான் அவசரப்பட்டாரோ என்றும் தோன்றியது. இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

ஐந்து பாரமும் ஓடிவிட்டன. கடைசிப் பாரம் மட்டும் பாக்கி. கைப்பழக்கத்தில் மானேஜர் மேல் பழியைப் போட்டு எழுதினேன். விஜயா பாதி அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"அண்ணே, இந்த மானேஜர் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஆர்டர் ஆர்டர்ங்காரு. யாரோ நெசத்து ஆள் மாதிரி இருக்காரே?"

"இல்லையே."

"வேன்ல வாசிப்பாகன்னு அந்த அக்கா சொன்னாகள்ல? வாசிச்சா அங்கன யார நெனப்பாக?"

போர்மேனுக்கும் வீடு இருக்கிறது, அவர் பெண்டாட்டியும் ஏதோ ஒரு வேனில் போவார். எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி வந்து நின்றார். "என்னலே, காலண்டர் காத்துக்கிட்டு நிக்குது. யாரு கொன்னது?"

"இன்னும் ஆள் கிடைக்கல, அண்ணாச்சி."

"அந்தச் சமையக்காரனையே போட்டுரு. செத்தவன் வந்தா கேக்கப் போறான்?"

"வேலைக்காரன் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீக."

"அது உசுரோட இருக்க வேலைக்காரன்லே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஆலையில் இறந்த அந்த நாலு பேர் விஷயத்திலும் இவ்வளவுதான் நடந்ததா என்று நினைத்தேன். அப்படித்தான் நடந்தது என்றும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வேன் நிற்கிற இடத்துக்குப் போனேன். பெண்கள் தூக்குவாளிகளோடு ஒரு கும்பலாக நின்றார்கள். பேச்சியம்மாள் மட்டும் தள்ளி, மைல் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

"யாருன்னு தெரிஞ்சிருச்சா?"

தரையைப் பார்த்துச் சொன்னேன். "தெரியலம்மா. எல்லாத்தையும் கேட்டுப் பாத்துட்டேன். உங்க வீட்டுக்காரர் செஞ்சதும் தெரியல, செய்யாததும் தெரியல. யாராலயும் கண்டுபிடிக்க முடியும்னு தோணல."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஓர் எட்டு கிட்டே வந்தார்.

"நெசமா தெரியலயா? போலீசு, ஆபீஸ், ஊரு எல்லாரும் தெரியும்னாக. நீங்க ஒருத்தர்தான் தெரியலங்கீக."

"ஆமா."

"அப்ப அதையே எழுதுங்க."

"எதை?"

"தெரியலன்னு. அவரு செய்யலன்னு எழுதச் சொல்லல. அவர்தான்னு எழுதாம இருந்தாப் போதும்."

வேன் வந்தது. அவர் கடைசியாக ஏறினார். அவர் உட்கார்ந்த இருக்கையில் இன்னொருவருக்குத் தாராளமாக இடம் இருந்தது. ஒரு பெண் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.

அன்று கடைசிப் பாரத்தை எழுதினேன். துப்பறிகிறவர் நாலு குடும்பங்களையும் ஓட்டல் கூடத்தில் உட்கார வைக்கிறார். ஐந்து பேரும் சுவரோரமாக நிற்கிறார்கள். அவர் சொல்கிறார்: 'எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டவர்களில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரிப் பேசுகிற ஒருவரும் அன்று அந்த அறைக்குள் இல்லை. உள்ளே இருந்த நாலு பேரும் அன்று காலை வேலைக்கு வந்தவர்கள். அதுவரைதான் நமக்குத் தெரியும்.' பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

விஜயா வாசித்தாள். அண்ணாச்சி லென்ஸை வைத்து ஒரு காலண்டர் முருகனின் கையிலிருந்த வேலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வெடிச்சது?"

"தெரியாது, அண்ணாச்சி."

"ஏன் தெரியாது?"

"உள்ள இருந்தவுக யாரும் உசுரோட இல்ல."

மூன்றாவது 'ஏன்' வரவில்லை. லென்ஸ் அதே இடத்தில் ரொம்ப நேரம் நின்றது. பிறகு, "புத்தகத்தப் படிச்சுட்டு எவனும் நம்மளை வைய்யாம இருக்க மாட்டான்" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "பிளேட் போடு" என்றார். இரக்கத்தில் சொன்னாரா, காலண்டர் காத்திருந்ததால் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. விஜயா இரக்கம் என்கிறாள். அடுத்த நிமிடமே மிஷினில் முருகன் ஏறியதையும் நான் பார்த்தேன்.

அவர் சொன்னபடியே வைதார்கள். 'கடைசிப் பக்கங்களை அச்சடிக்க மறந்துவிட்டீர்களா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். மூன்று கடைக்காரர்கள் பிரித்துப் பார்த்து, பாரம் விடுபட்டிருக்கிறது என்று கட்டோடு திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வருடத்துக்கு அடித்து வைத்திருந்த அட்டைகள் தீரும்வரை நான் எழுதினேன். முதல் பாரத்தில் ஐந்து பேரைக் கொண்டுவருவது வழக்கம்போல வந்தது. கடைசிப் பாரத்துக்கு வந்தால் அந்த ஐந்து பேரில் யாரும் கொன்றிருப்பார்கள் என்று தோன்றாது. அண்ணாச்சி ஒரு பெயரைச் சொல்வார், எழுதிக் கொடுப்பேன். அடுத்த சித்திரையில் புது அட்டை அடிக்கும்போது, எனக்கு வேண்டாம் என்று விஜயாவை விட்டுச் சொல்ல வைத்தேன். பாரம் மடிப்பதை மட்டும், விரல்கள் மரத்துப்போகும்வரை வைத்துக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் வெளிவந்த சில நாளில், ஒரு காலை, அந்த வேன் நிற்கிற இடத்துக்கு மறுபடி போனேன். எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரத்தின் மறைவில் நின்றுகொண்டேன். வேன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. சரசு அக்கா ஜன்னல் ஓரத்தில் புத்தகத்தைப் பிடித்தபடி, சிவப்புப் புடவைக்காரி அட்டை வெளியே தெரிய, உரக்கக் கோபப்பட்டுக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுத் தூரம் வாசிக்க வச்சுட்டு, தெரியலையாம்! எவன்டி இவன்!"

"எனக்குத் தெரியும்க்கா. லைட்டர்க்காரிதான்."

"போடி, மச்சான்காரன். முழியே சரியில்லன்னு எழுதியிருக்குல்ல."

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பின்னால் ஒரு இருக்கையில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேச்சியம்மாள். சீசன் உச்சத்தில் வேனில் கூட்டம் அதிகமாகத்தான் இருக்கும், எங்கே இடம் இருக்கிறதோ அங்கேதான் உட்கார வேண்டும். அதனால் உட்கார்ந்தார்களா, வேறு காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரசு அக்கா பின்னால் திரும்பிக் கத்தினார். "ஏய் பேச்சி, வாயத் தொறக்காம இருக்கியே, நீ சொல்லு. யாரு செஞ்சது?"

கேட்டுவிட்ட பிறகுதான் யாரிடம் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். புத்தகத்தைக் கீழே இறக்கினார்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார் பேச்சியம்மாள். "நான் என்ன அங்கனயா இருந்தேன்?"

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வேன் திரும்புகிற இடத்தில் சரசு அக்காவின் குரல் மறுபடி கேட்டது. முதல் பக்கத்திலிருந்து, கடைசி இருக்கைக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக வாசிக்க ஆரம்பித்திருந்தார்.